‘இப்போ எப்படி ஃபீல் பண்றீங்க?’ - நல்ல பேட்டி பிறப்பது இரண்டாவது கேள்வியில்தான்!

வெள்ளம் வடிந்த ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சேறு படிந்த வாசலில் ஒரு அம்மா துடைப்பத்தோடு நிற்கிறார். அவர் முகத்துக்கு நேராக ஒரு மைக் நீள்கிறது. “இப்போ எப்படிம்மா ஃபீல் பண்றீங்க?”

அவர் என்ன சொல்வார்? “என்னத்தைச் சொல்ல... எல்லாம் போச்சுப்பா” என்பார். கண் கலங்கும். கேமரா இன்னும் கொஞ்சம் நெருங்கும். அரை நிமிடத்தில் வீடியோ தயார்.

ஆனால், அதைப் பார்த்தவருக்குப் புதிதாக என்ன தெரிந்தது? எதுவுமே இல்லை. வீடு மூழ்கினால் வருத்தமாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதே அம்மாவிடம், “தண்ணி எத்தனை மணிக்கு உள்ளே வந்துச்சும்மா?” என்று கேட்டிருந்தால்? “முதல்ல எதை எடுத்து மேலே வெச்சீங்க?” என்று தொடர்ந்திருந்தால்? ரேஷன் கார்டா, பிள்ளையின் சர்ட்டிஃபிகேட்டா, அடகுச் சீட்டா... அந்த ஒரு பதிலிலேயே அந்தக் குடும்பத்தின் கதை வந்துவிடும். “தண்ணி வரும்னு முன்னாடியே யாராவது சொன்னாங்களா?” என்ற அடுத்த கேள்வி, பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் மேஜைக்கே போய்ச் சேரும்.

பேட்டி எடுப்பது இன்று பத்திரிகையாளர்களுக்கு மட்டுமான வேலை இல்லை. போனும் யூடியூப் சேனலும் இருந்தால் யாரும் யாரையும் பேட்டி எடுக்கலாம். ஆனால், எதிரில் இருப்பவரிடமிருந்து உண்மையிலேயே ஏதாவது வெளியே வருகிறதா என்பதுதான் விஷயம். அது பெரும்பாலும் நாம் தயாரித்துக்கொண்டு போகும் முதல் கேள்வியில் வருவதில்லை. பதிலைக் காது கொடுத்துக் கேட்ட பிறகு பிறக்கிற இரண்டாவது கேள்வியில்தான் வருகிறது. உலகம் இன்றும் பேசுகிற சில பேட்டிகளைப் பார்த்தால் இது புரியும்.

அதிபரும் ‘டாக் ஷோ’காரரும்

1972 ஜூன் 17. வாஷிங்டனின் வாட்டர்கேட் வளாகத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தவர்கள் பிடிபட்டார்கள். அதை மூடி மறைக்க நடந்த முயற்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வர, 1974 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்ஸன் பதவி விலகினார். அடுத்த மாதமே, புதிய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்துவிட்டார். இனி வழக்கு இல்லை, நீதிமன்றம் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. ‘தப்பு செய்தேன்’ என்று அவர் வாயால் கேட்க மக்களுக்கு வேறு வழியே இல்லாமல் போனது.

அந்த இடத்துக்கு வந்தவர் டேவிட் ஃப்ராஸ்ட். இங்கிலாந்துக்காரர். அரசியலைக் கிண்டலடிக்கும் நிகழ்ச்சியில் புகழ்பெற்று, பிரபலங்களோடு பேசும் டாக் ஷோ நடத்தியவர். ‘இவரா நிக்ஸனை மடக்கப்போகிறார்?’ என்று பலர் சிரித்தார்கள். பேட்டிக்காக நிக்ஸனுக்கு 6 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதும், ‘பணம் கொடுத்துப் பேட்டி வாங்குவது பத்திரிகை தர்மமா?’ என்ற விமர்சனம் எழுந்தது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒதுங்கிவிட, ஃப்ராஸ்ட் தனித்தனி நிலையங்களைத் தானே சேர்த்து ஒளிபரப்புக்கு ஏற்பாடு செய்தார்.

ஆனால், ஒப்பந்தத்தில் அவர் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் இரண்டு. கேள்விகளை நிக்ஸன் முன்கூட்டியே பார்க்க முடியாது. எடிட்டிங்கிலும் அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. பணம் கொடுத்தது சரியா, தவறா என்ற விவாதம் இன்றும் இருக்கிறது. இந்த இரண்டு நிபந்தனைகள் மட்டும் இல்லாமல் போயிருந்தால், விவாதிக்கவே ஒன்றும் இருந்திருக்காது.

1977 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில் பதிவு தொடங்கியது. மொத்தம் 12 அமர்வுகள், 28 மணி நேரத்துக்கும் மேலான உரையாடல். முதல் நாளே ஃப்ராஸ்ட் அதிரடியாக ஆரம்பித்தார்: “அந்த டேப்புகளை நீங்கள் ஏன் எரிக்கவில்லை?” வெள்ளை மாளிகையில் நிக்ஸன் ரகசியமாகப் பதிவு செய்து, கடைசியில் அவரையே கவிழ்த்த ஒலிநாடாக்களைப் பற்றிய கேள்வி அது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், பலன்? நிக்ஸன் நீளமாகப் பேசினார். சுற்றி வளைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை. ‘ஏன்’ என்று அகலமாகத் திறந்துவிட்ட கதவில், பழுத்த அரசியல்வாதி தனக்குப் பிடித்த திசையில் நடந்து போய்விடுவார்.

கோப்புகளுக்குள் கிடைத்த துருப்புச் சீட்டு

நிலைமையை மாற்றியது கோர்ட் கோப்புகளுக்கு நடுவே கிடைத்த ஒரு தகவல். ஃப்ராஸ்ட்டின் குழுவில் இருந்த ஆய்வாளர்களில் ஒருவர் ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர். வாட்டர்கேட் வழக்கின் ஆவணங்களைத் தோண்டியவர், நிக்ஸனும் அவருடைய உதவியாளர் சார்லஸ் கால்சனும் பேசிய உரையாடல்களின் எழுத்து வடிவத்தைக் கண்டெடுத்தார். அதுவரை பொதுவெளியில் யாரும் கவனிக்காதது.

பேட்டியில் அதை ஃப்ராஸ்ட் எடுத்தபோது ஆட்டம் மாறியது. ‘மக்கள் சொல்கிறார்கள்’, ‘பத்திரிகைகள் எழுதுகின்றன’ என்று கேட்டால் மறுத்துவிடலாம். ‘இந்தத் தேதியில் நீங்கள் சொன்ன வாக்கியம் இது’ என்று எதிரில் இருப்பவர் வாசித்துக் காட்டும்போது மறுப்பது கஷ்டம்.

பேட்டிக்குப் போகும் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பல நாள் படிக்க வேண்டியிருப்பது இதற்காகத்தான். படித்ததை எல்லாம் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பதில் தடம் மாறும்போது அதைக் கண்டுபிடிக்க அந்தப் படிப்பு கைகொடுக்கும்.

ஒரு சின்னக் கேள்வி

அந்த 28 மணி நேரத்தில் உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் வரி, ஒரு பெரிய குற்றச்சாட்டுக்குப் பதிலாக வந்ததில்லை. உள்நாட்டு எதிர்ப்பாளர்களை உளவு பார்க்கும் திட்டம் பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. நிக்ஸன் சொன்னதையே எளிமையாகச் சுருக்கித் திருப்பிக் கேட்டார் ஃப்ராஸ்ட். நாட்டின் நலனுக்கு என்று அதிபர் முடிவு செய்தால், சட்டவிரோதமான ஒன்றையும் அவர் செய்யலாம் என்கிறீர்களா?

நிக்ஸன் பதில் சொன்னார்: “அதிபர் செய்கிறார் என்றால், அது சட்டவிரோதம் இல்லை என்று அர்த்தம்.”

இந்த இடத்தில் பலரும் கொதித்தெழுந்து வாதாடியிருப்பார்கள். ஃப்ராஸ்ட் கேட்டது, “அதன் இலக்கணமே அதுவா?” என்ற அளவுக்கு ஒரு சின்னக் கேள்வி. “மிகச் சரி. மிகச் சரி” என்றார் நிக்ஸன். அவ்வளவுதான். நாடே அதிர்ந்த வாக்குமூலம் பதிவாகிவிட்டது.

வாட்டர்கேட் பற்றிய அமர்வில் இன்னொரு திருப்பம். நிக்ஸன் தான் செய்தவற்றைத் ‘தவறுகள்’ என்ற அளவில் நிறுத்தப் பார்த்தார். ஃப்ராஸ்ட் விடாமல் நெருக்கினார். அப்போது நிக்ஸனின் உதவியாளர் ஜாக் பிரென்னன் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். ‘அவரைப் பேச விடுங்கள்’ என்று அதில் எழுதியிருந்தது. ஃப்ராஸ்ட் அதை ‘நாம் பேசுவோம்’ என்று தவறாகப் படித்து, இடைவேளை விட்டுவிட்டார்!

மீண்டும் உட்கார்ந்தபோது, ‘தவறுகள்’ என்பதைத் தாண்டிச் செல்வீர்களா என்று கேட்டார். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்பதுபோல நிக்ஸன் திருப்பிக் கேட்டார். கையில் இருந்த குறிப்பு அட்டையை ஃப்ராஸ்ட் கீழே போட்டுவிட்டார். தவறுகளுக்கும் மேலான குற்றம் நடந்தது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினேன், மக்களை இரண்டு ஆண்டுகள் வேதனையில் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்... இந்த மூன்றையும் மக்கள் உங்களிடமிருந்து கேட்க வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க அது உங்களைத் துரத்தும் என்றும் சொன்னார்.

பிறகு அவர் பேசவில்லை. நிக்ஸனைப் பேச விட்டார். நண்பர்களை, நாட்டை, அரசு முறையை ஏமாற்றத்துக்கு உள்ளாக்கிவிட்டேன் என்ற ஒப்புதல் அந்த மௌனத்துக்குள்தான் வந்தது. 1977 மே 4 அன்று அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது சுமார் 4.5 கோடி பேர் பார்த்தார்கள்.

குரலை உயர்த்தாத கேள்விகள்

‘நல்ல பேட்டியாளர் என்றால் சண்டை போடத் தெரிய வேண்டும்’ என்று இன்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு நேர் எதிரான உதாரணம், பி.பி.சி-யின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சிக்காக எமிலி மெய்ட்லிஸ் எடுத்த பேட்டி. எதிரில் இருந்தவர் அப்போது இளவரசராக இருந்த ஆண்ட்ரூ. இடம், பக்கிங்ஹாம் அரண்மனை. நாள், 2019 நவம்பர் 14. பாலியல் குற்றத்துக்காக 2008-ல் தண்டனை பெற்ற ஜெஃப்ரி எப்ஸ்டீனுடன் அவருக்கு இருந்த நட்பும், அவர் மீதே சுமத்தப்பட்ட, அவர் மறுத்த குற்றச்சாட்டுகளும்தான் விஷயம்.

இந்தப் பேட்டி ஒரே நாளில் கிடைத்ததில்லை. தயாரிப்பாளர் சாம் மெக்அலிஸ்டர் பல மாதங்கள் அரண்மனையோடு பேசிப் பேசி நம்பிக்கையைப் பெற்றுக் கொண்டுவந்த வாய்ப்பு அது.

மெய்ட்லிஸ் கத்தவில்லை. விரலை நீட்டவில்லை. தேதி, இடம், பெயர் என்று குறிப்பாகக் கேட்டார். பதில் வந்தால் முழுதாக வர விட்டார். எப்ஸ்டீனின் நடத்தை ‘தகாதது’ என்ற பொருளில் ஆண்ட்ரூ மென்மையாக ஒரு சொல்லைப் போட்டபோது, அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார்: “தகாததா? அவர் ஒரு பாலியல் குற்றவாளி.” மரியாதைக்காக அப்படிச் சொன்னேன் என்று ஆண்ட்ரூ சமாளிக்க வேண்டியதாயிற்று.

முடிவில், “சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் இப்போது சொல்கிறீர்களா?” என்றும் கேட்டார். எதிரில் இருப்பவருக்கு அது நியாயமான கடைசி வாய்ப்பு. அவர் எதையும் சேர்க்கவில்லை. பேட்டி நவம்பர் 16 அன்று ஒளிபரப்பானது. நவம்பர் 20 அன்று, அரச குடும்பத்தின் பொதுப் பணிகளிலிருந்து விலகுவதாக ஆண்ட்ரூ அறிவித்தார்.

அவரைக் கவிழ்த்தது மெய்ட்லிஸின் வார்த்தைகள் என்பதைவிட, அவருடைய சொந்த வார்த்தைகள் என்பதுதான் சரி. குறுக்கே பேசிக்கொண்டே இருந்திருந்தால் அந்த வார்த்தைகள் வெளியே வந்தே இருக்காது.

அடுப்படியில் கிடைத்த கதைகள்

அதிபரையும் இளவரசரையும் கேட்கும் முறை வேறு. பலம் இல்லாதவரைக் கேட்கும் முறை வேறு. நிக்ஸனுக்கு வக்கீல் உண்டு, உதவியாளர் உண்டு. பேட்டி கொடுத்த கூலித் தொழிலாளிக்கு அடுத்த நாள் வேலை போனால் கேட்க யார் இருக்கிறார்கள்?

இந்த இரண்டாவது வகையில் பெரிய ஆசிரியை, பெலாரஸைச் சேர்ந்த ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச். பத்திரிகையாளராக வேலை பார்த்தவர். 2015-ல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் இருந்த பெண்களை ஊர் ஊராகத் தேடிப்போய், டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்து கேட்டார். சுட்டவர்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள், துணி துவைத்தவர்கள் என நூற்றுக்கணக்கான பெண்கள். அந்தக் குரல்கள் 1985-ல் புத்தகமாக வந்தன.

அதில் அவர் பதிவு செய்திருக்கும் ஒரு சம்பவம் நம் வீடுகளுக்கும் அந்நியமானதில்லை. போருக்குப் போன ஒரு பெண்ணைப் பேசச் சொன்னால், கணவர் விட்டுக்கொடுக்கவே மனமில்லாமல் இடம் கொடுக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரி சொல், அழுகையும் பெண்களின் அற்ப விஷயங்களும் வேண்டாம் என்பது அவர் உத்தரவு. அவர் நகர்ந்த பிறகுதான் அந்தப் பெண் மெல்லச் சொல்கிறார். முதல் நாள் ராத்திரி முழுக்கத் தன்னைப் போர் வரலாற்றுப் புத்தகத்தைப் படிக்க வைத்தாராம் கணவர்!

அலெக்ஸியேவிச்சுக்குத் தேவைப்பட்டது அந்த ‘அற்ப விஷயங்கள்’தான். எந்த ஊரில் எத்தனை டாங்கிகள் என்பது அரசு ஆவணத்தில் இருக்கும். பின்னலை வெட்டியபோது ஒரு பெண் அழுதது அங்கே இருக்காது.

நம் ஊரிலும் மனைவியிடம் கேட்டால் கணவர் பதில் சொல்வார். மாமியார் முன்னால் மருமகள் தலையை மட்டும் ஆட்டுவார். முதலாளி நிற்கும்போது தொழிலாளி “எல்லாம் நல்லா இருக்குங்க” என்பார். அனுபவமுள்ள நிருபர் அங்கே சண்டை போடமாட்டார். “அந்தக் கிணத்தைக் கொஞ்சம் காட்டுங்கக்கா” என்று சொல்லி, நாலு அடி தள்ளி அழைத்துப்போய்க் கேட்பார். கேட்டதை யார் முன்னால் கேட்டோம் என்பதும் அந்தப் பதிலில் பாதி.

‘தானே’ வந்தால் அது கேள்வியே இல்லை

“ஆபீஸர் உங்களை மிரட்டினார்தானே?” என்று கேட்டால் என்ன வரும்? “ஆமாங்க.” அந்த ‘ஆமாங்க’வை நம்பிச் செய்தி போட்டால், நாளைக்கு விசாரணையில் அது நிற்காது. ‘தானே’ என்று முடியும் வாக்கியம் பதிலைத் தேடுவதில்லை, கையெழுத்தைக் கேட்கிறது. ‘மிரட்டினாரா?’ என்பது கொஞ்சம் தேவலை. “ஆபீஸர் வந்ததும் என்ன நடந்துச்சு? அவர் சொன்னதை அப்படியே சொல்ல முடியுமா?” என்பதுதான் கேள்வி.

இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டுவதும் இப்படித்தான். “எப்போ வந்தீங்க, ஏன் புகார் கொடுக்கலை?” என்றால், எதிரில் இருப்பவர் வசதியானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும்.

சங்கடமான கேள்வியை எடுத்த எடுப்பில் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். கடைசி நொடியில் கேட்டால் நேரம் இருக்காது. பேச்சு சூடுபிடித்து, நம்பிக்கை வந்த பிறகு, போதிய நேரம் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கொடுத்த வாக்கு

“இதைப் போட்டுறாதீங்க தம்பி” என்று ஒருவர் சொன்னால், சொன்ன பிறகு யோசிப்பது தாமதம். எது பெயரோடு வரும், எது பெயர் இல்லாமல் வரும், எது வரவே வராது என்பதைப் பேச்சு தொடங்கும்போதே தெளிவாக்கிவிட வேண்டும். பேட்டி கொடுத்துப் பழகிய அரசியல்வாதிக்கு இந்த விதிகள் தெரியும். முதல்முறை மைக்கைப் பார்க்கும் பாட்டிக்குத் தெரியாது. அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது கேட்பவரின் பொறுப்பு.

சில இடங்களில், பேட்டி கொடுப்பவரே சரி என்றாலும் சட்டம் எல்லை போட்டிருக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி பொதுவாகக் குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இன்னும் கறார். பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம் பக்கம் எதுவுமே ஊடகத்தில் வரக் கூடாது. முகத்தை மட்டும் மறைத்துவிட்டு, தெருப் பெயரையும் அப்பா கடையின் போர்டையும் காட்டினால், மறைத்ததற்கே அர்த்தமில்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு செக் லிஸ்ட்

* போனில் சார்ஜும் இடமும் இருக்கிறதா? பத்து விநாடி பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேட்டுப் பாருங்கள்.
* ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகாது.
* பதிவு செய்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.
* போன் ஓடினாலும் நோட்டும் பேனாவும் வேண்டும். எண்கள், தேதிகள், ஊர்ப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.
* பெயரையும் இனிஷியலையும் அவரிடமே கேட்டுச் சரிபாருங்கள். ‘ஸ்ரீ’யா, ‘சிறீ’யா என்பது உங்களுக்குச் சின்ன விஷயம். அவருக்கு அது அவருடைய பெயர்.
* பதில் முடிந்ததும் மூன்று விநாடி சும்மா இருங்கள். உண்மையான பதில் அப்போதுதான் தொடங்கும்.
* “நான் கேட்காமல் விட்டது ஏதாவது இருக்கா?” என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்.

பேட்டி எடுக்க பிரஸ் கார்டு தேவையில்லை

நிக்ஸனும் இளவரசரும் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால், பெரும்பாலான வீடுகளில் பேட்டி எடுக்கப்படாத ஒருவர் இருக்கிறார். ரேடியோவில் செய்தி கேட்க ஊரே கூடிய காலத்தைப் பார்த்த தாத்தா. பதினாறு வயதில் கல்யாணமாகி, முதன்முதலாக ரயில் ஏறிய ஆச்சி. அவர்களிடம் “அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால், “அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு” என்று முடித்துவிடுவார்கள்.

“ரயில்ல ஏறும்போது கையில என்ன வெச்சிருந்தீங்க ஆச்சி?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். அவர் சொன்னதிலிருந்தே இன்னொன்றைக் கேளுங்கள். போன் பதிவு செய்துகொண்டிருக்கட்டும். அப்பாவோ சித்தப்பாவோ குறுக்கே புகுந்து, “அது அப்படியில்லம்மா” என்று திருத்த வந்தால், அவர்களைக் காபி போடச் சொல்லி அனுப்பிவிடுங்கள்!